ஆடிய பேர் எத்தனை நாளைக்குச் சோறு போடும்?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மாநில அணிக்கு வாலிபால் ஆடியவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகிறது. முழங்கால் போனதால் ஆட்டத்தை நிறுத்திவிட்டீர்கள். இப்போது வேலையை விட்டு, கையில் வரும் பணத்தில் ஊரில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையும் பயிற்சி அகாடமியும் தொடங்க ஆசை. கூடவே ஒரு டிரஸ்ட் பதிவு செய்து, அப்பா கொடுத்த அறுபது சென்ட் நிலத்தை அதற்கு எழுதிவைத்து, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி தர வேண்டும் என்கிறீர்கள். அமெரிக்காவில் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் இதைத்தானே செய்தார், நம்மால் ஏன் முடியாது என்று முடித்திருக்கிறீர்கள். களத்தில் சம்பாதித்த பேரை நம்பி ஒரு குடும்பமும் ஒரு கூட்டம் பிள்ளைகளும் பிழைக்க முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஆடிட்டர். சிறு கடைகள், டிரஸ்ட்டுகள், சில முன்னாள் வீரர்கள் ஆகியோரின் கணக்குகளைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். எனவே பணம், சட்டம், பதிவு பற்றி உறுதியாகப் பேச முடியும். பிள்ளைகளுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பது உங்கள் துறை, அதில் நான் வாய் திறக்க மாட்டேன். பணிவிதிகளில் கடைசி வார்த்தை உங்கள் பணியாளர் பிரிவினுடையது. கீழே நான் சொல்வதை வைத்துக்கொண்டு அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்.

முதலில் ஜான்சன். அவர் கதையில் நமக்குப் பொருந்தாத ஒன்று உண்டு. 1981இல் லேக்கர்ஸ் அணி அவரோடு 25 வருடத்துக்கு 2.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஐந்து முறை சாம்பியன் அணியில் இருந்தவர். முதலீடு எங்கிருந்து வரும் என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. ஆனால் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதே கதையில் இருக்கிறது. அவருடைய ஆரம்பகால முயற்சி ஒரு விளையாட்டு உடைக் கடை. தன் ரசனைக்குச் சரக்கு வாங்கி நிரப்பினார், வாங்க வருபவர்களுக்கு அது ஒத்துவரவில்லை, கடை மூடப்பட்டது. இதை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் பெரும்பாலும் தனியாக எதையும் தொடங்கவில்லை. 1995இல் லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதியில் திறந்த திரையரங்கும் கூட்டு முயற்சி, 1998இல் ஸ்டார்பக்ஸ் என்ற காபிக்கடை நிறுவனத்தோடு போட்டதும் பாதிக்குப் பாதி கூட்டு. தொழில் தெரிந்தவரின் கையோடு தன் பேரைச் சேர்த்தார். பெரிய நிறுவனங்கள் போகத் தயங்கிய பகுதிகளின் மக்களை அவருக்குத் தெரியும், அதுதான் அவர் கொண்டுவந்த சொத்து. அந்த ஸ்டார்பக்ஸ் பங்கை 2010இல் அந்த நிறுவனத்துக்கே விற்றார். அவருடைய அறக்கட்டளை 1991இல், தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிவித்த காலத்தில் தொடங்கியது. தொழிலுக்கு விளம்பரமாக அதைத் தொடங்கவில்லை. பிற்பாடுதான் கல்வி உதவித்தொகை, கணினி மையம் என்று விரிந்தது.

உங்கள் நிலைக்கு ஜான்சனைவிட டேவ் பிங் மிக நெருக்கம். நம் பக்கத்தில் அவரைப் பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1966இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியில் சேர்ந்த கூடைப்பந்து வீரர். சின்ன வயதிலேயே ஒரு கண்ணில் அடிபட்டுப் பார்வை குறைந்தவர், அப்படியிருந்தும் 1967-68 பருவத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.விலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். அந்தக் காலத்தில் கூடைப்பந்தில் இன்றைய கோடிகள் கிடையாது. பருவம் முடிந்து மற்ற வீரர்கள் ஓய்வெடுத்தபோது, இவர் டெட்ராய்ட்டில் ஒரு வங்கிக்கு வேலைக்குப் போனார். பணம் எப்படிக் கைமாறுகிறது, கடன் யாருக்கு ஏன் கிடைக்கிறது என்பதை அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டார். 1978இல் ஆட்டத்தை நிறுத்தியதும் பாராகன் ஸ்டீல் என்ற எஃகு நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் பேரை வைத்து மக்கள் தொடர்பு வேலை கொடுக்க முன்வந்தார்கள். அவர் கேட்டது தொழிலின் எல்லாப் பிரிவுகளிலும் பயிற்சி. இரண்டு வருடம் அங்கே கற்றார்.

1980இல் பிங் ஸ்டீல் தொடங்கினார். சொந்தப் பணம் 80,000 டாலர், வங்கிக் கடன் 2,50,000 டாலர், நான்கு ஊழியர்கள், வாடகைக் கிடங்கு. ஆறு மாதத்தில் சொந்தப் பணம் முழுவதும் போய்விட்டது. லீக்கின் நட்சத்திரம், ஊர் முழுக்கத் தெரிந்த முகம், இரண்டு வருடம் தொழில் கற்றவர், அவருக்கே இந்த நிலை. தாமே தயாரிக்கும் அளவுக்குக் கையில் முதல் இல்லை என்று தெரிந்ததும் திட்டத்தை மாற்றினார். வாங்கி விற்கும் இடைத்தரகராக நின்றார். ஜெனரல் மோட்டார்ஸ் என்ற கார் நிறுவனம் முதல் பெரிய வாடிக்கையாளராக வந்தது. இரண்டாம் வருடம் லாபம். 1984இல் சிறுபான்மைச் சிறுதொழில் முனைவோருக்கான தேசிய விருதை அதிபர் ரீகனிடம் வாங்கினார். 1989இல் டெட்ராய்ட் அரசுப் பள்ளிகளில் பணமில்லாமல் விளையாட்டு அணிகளையே நிறுத்தப் பார்த்தபோது, நன்கொடை திரட்டி அவற்றைக் காப்பாற்றும் முயற்சிக்கு முன்னால் நின்றவர் இவர். 2009 முதல் 2013 வரை அந்நகரின் மேயர். நகரமே திவாலான சமயம் அது. பதவி முடிந்த பிறகு, 2014இல், பிங் யூத் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பைத் தொடங்கினார். கறுப்பினப் பையன்களுக்கு, அவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பெரியவர்களை வழிகாட்டிகளாகச் சேர்த்துவைப்பது அதன் வேலை. கூடைப்பந்துப் பயிற்சி அதன் மையமே அல்ல. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தன் ஆட்டத்தைப் பிள்ளைகள் மேல் ஏற்றாமல், அந்த ஊர்ப் பையன்களுக்கு எது இல்லை என்று பார்த்திருக்கிறார்.

நம் நாட்டில் புல்லேலா கோபிசந்தைப் பார்க்கலாம். 2001இல் பாட்மிண்டனில் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர். அடுத்த சில வருடங்களில் ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் அரசு ஐந்து ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. அப்படியும் கட்டடத்துக்குப் பணம் போதாமல் வீட்டை அடமானம் வைத்தார், ஒரு தொழிலதிபர் பெரிய தொகை கொடுத்தார், 2008இல்தான் அகாடமி திறந்தது. அப்படிப்பட்ட பட்டமும் அரசு நிலமும் கையில் இருந்தவருக்கே இத்தனை வருடம். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் கிரிக்கெட் வீரர் நடராஜன் மைதானம் கட்டியது, இந்திய அணிக்கும் ஐ.பி.எல்.லுக்கும் ஆடிய சம்பாத்தியத்தில். மாநில அணி வாலிபால் வீரரின் பேர் அந்த அளவுக்குப் பணம் இழுக்காது. உங்கள் மனதைப் புண்படுத்தச் சொல்லவில்லை, கணக்கு அப்படி. உங்கள் மாவட்டத்தில் முதல் ஆறு மாதம் கதவுகள் திறக்கும். பள்ளிகள் கூப்பிடும், பரிசளிப்பு விழாவில் மாலை விழும். அதன் பிறகு வருகிறவர்கள் கடையின் விலைக்காகவும் பயிற்சியின் தரத்துக்காகவும்தான் வருவார்கள்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. மத்திய அரசுப் பணியில் ராஜினாமா செய்தால் அதுவரை செய்த பணிக்காலம் கணக்கில் இல்லாமல் போகும், பணிக்கொடையும் அதோடு போகும். விருப்ப ஓய்வுக்கு 20 வருடப் பணி வேண்டும். உங்களுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் நீங்கள் பெரும்பாலும் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பீர்கள். நடுவில் வெளியேறினால் அந்தத் தொகையின் பெரும்பகுதி மாதாமாதம் வரும் ஆண்டுத்தொகைத் திட்டத்துக்குப் போகும். கையில் வரும் என்று நீங்கள் நினைக்கும் பணம் நினைத்த அளவு வராது. இதைப் பணியாளர் பிரிவில் ரூபாய்க் கணக்காக எழுதி வாங்காமல் ஒரு அடியும் எடுக்காதீர்கள்.

வேலையில் இருந்துகொண்டே எதைச் செய்யலாம் என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ரயில்வே நடத்தை விதிகளில் 15ஆம் விதி, முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்வதைத் தடுக்கிறது. மனைவி பேரில் கடை நடந்தால் அதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அதே விதி, ஊதியம் வாங்காத சமூகத் தொண்டை அனுமதிக்கிறது, அலுவலக வேலை கெடாதவரை. அதாவது உங்கள் இலவசப் பயிற்சிக்கு ராஜினாமாவும் தேவையில்லை, டிரஸ்ட்டும் தேவையில்லை, கடையும் தேவையில்லை. தலைமையாசிரியரிடம் முறையாக அனுமதி வாங்கி, பள்ளி மைதானத்தில் நாளை மாலையே தொடங்கலாம். கட்டணம் என்று ஒரு ரூபாய் வாங்கினால் மட்டும் துறையின் அனுமதி கட்டாயம். உங்கள் ஆசையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி, இன்றே செய்யக்கூடியதாக இருக்கிறது. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

கடையைப் பற்றி நான் கவலைப்படுகிறேன். விளையாட்டுப் பொருள் கடை வெளியில் இருந்து பார்க்க எளிது. ஷூ வாங்கி அடுக்கினால் ஒவ்வொரு மாடலுக்கும் ஏழெட்டு சைஸ் வைக்க வேண்டும், நடு சைஸ்கள் போய்விடும், ஓரத்து சைஸ்கள் தங்கிவிடும், அடுத்த வருடம் அந்த மாடலை யாரும் கேட்க மாட்டார்கள். விளையாட்டுப் பொருள் தயாராகும் ஜலந்தர், மீரட் ஊர்களின் சரக்கையே ஆன்லைனில் உங்கள் கொள்முதல் விலைக்கு அருகில் விற்கிறார்கள். பள்ளிகளும் கிளப்புகளும் கடனில் வாங்கும், பில் பாஸாக மாதக்கணக்கு ஆகும். கடை மூடியவர்களின் கணக்குப் புத்தகங்களில் நான் பார்த்தது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்: தேங்கிய சரக்கு, வராத பாக்கி. விற்பனை குறைவு என்பதால் மூடியவர்கள் குறைவு. பிங் தயாரிப்பை விட்டு இடைத்தரகரானதை இங்கே நினைத்துப் பாருங்கள். அணிகளுக்கு ஜெர்சி, கோப்பை, பதக்கம், டோர்னமெண்ட் பந்து, வலை ஆகியவற்றை ஆர்டர் எடுத்து, பாதி முன்பணம் வாங்கி, திருப்பூரிலோ ஜலந்தரிலோ செய்து கொடுத்தால் அலமாரியில் பணம் உறங்காது. மாவட்டத்தில் டோர்னமெண்ட் நடத்தும் எல்லோரையும் உங்களுக்குத் தெரியும், அதுதான் உங்கள் பேரின் உண்மையான மதிப்பு. பொருள் விற்பனையில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு பொருந்தாது. வேலையை விட்ட பிறகு, பெரிய கடை ஒன்றில் ஒரு வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு இதில் இறங்கினால் இன்னும் நல்லது. மாநில அணி ஆடியவர் கவுண்டரில் நிற்பதா என்று உறவினர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

கட்டண அகாடமிக்கு ஒரு உதாரணக் கணக்கு. 40 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் 40,000. இதில் உதவிப் பயிற்சியாளர் சம்பளம், மின்சாரம், பந்து, வலை, முதலுதவி, டோர்னமெண்ட் பயணம் எல்லாம் போக வேண்டும். அந்த 40 பேரும் பன்னிரண்டு மாதமும் வர மாட்டார்கள். கோடை முகாமில் கூட்டம் அலைமோதும், ஜூனில் பாதி காணாமல் போகும், ஜனவரியிலிருந்து பரீட்சை. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளை வீட்டில் அனுப்புவதே கஷ்டம். ஆண்டுக்கு ஏழு மாத வருமானம் என்று வைத்துத் திட்டம் போட்டாலும் குடும்பச் செலவு ஓடுமா என்று பாருங்கள். உங்கள் ஊரில் கட்டணம் எவ்வளவு கிடைக்கும் என்பதை நீங்கள் விசாரித்துத்தான் சொல்ல முடியும்.

இப்போது டிரஸ்ட். நிலத்தை எழுதிவைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. வரிவிலக்குக்குப் பதிவு செய்யும் டிரஸ்ட் திரும்பப் பெற முடியாததாக இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த நிலம் உங்களுடையது அல்ல, உங்கள் பிள்ளைகளுடையதும் அல்ல. டிரஸ்ட் கலைந்தால் இதே நோக்கமுள்ள வேறொரு டிரஸ்ட்டுக்குத்தான் போகும். கடைக்குக் கடன் வாங்க அதை அடமானமும் வைக்க முடியாது. குடும்பம் கஷ்டத்தில் இருக்கும் நாளில் இது பெரிய சண்டையாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

டிரஸ்ட்டின் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த வருடமே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், அல்லது முறைப்படி தெரிவித்து ஐந்து வருடத்துக்குள் செலவிட ஒதுக்கிவைக்க வேண்டும். டிரஸ்ட் பணத்தில் உங்களுக்கோ மனைவிக்கோ உறவினருக்கோ நியாயமற்ற பலன் போனால் வருமானவரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பாயும், அந்தத் தொகைக்கு வரிவிலக்கு போய்விடும். நீங்கள் செய்யும் வேலைக்கு நியாயமான சம்பளம் எடுக்கலாம், அதில் தப்பில்லை, தீர்மானம் போட்டு எழுதிவைக்க வேண்டும். ஆனால் டிரஸ்ட் வாங்கும் பந்துகள் எல்லாம் உங்கள் கடையிலிருந்தே, நீங்கள் வைத்த விலைக்கே வந்தால் அதிகாரி அதைத்தான் முதலில் பிடிப்பார். பிரிவு எண்களைப் பழைய 1961 சட்டப்படி சொல்கிறேன். 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்று வைத்த 2025ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டத்தில் எண்கள் வேறு.

இதுவரை சொன்னவற்றில் சந்தேகம் இல்லை. சந்தேகமுள்ள இடம் ஒன்று இருக்கிறது. விளையாட்டை வளர்ப்பது தர்ம காரியம்தான் என்று வரித்துறையே 1984இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் பயிற்சி என்பது 'கல்வி' என்ற வகையில் வருமா, 'பொதுப்பயன்' என்ற வகையில் வருமா என்பதில் தகராறு உண்டு. கல்வி என்றால் முறையான பள்ளிக்கல்வி போன்றது என்று உச்ச நீதிமன்றம் 1975இலேயே குறுக்கிவிட்டது. எனவே பொதுப்பயன் என்று எடுத்துக்கொள்வதே பத்திரம். அப்படியானால், வசதியுள்ள பிள்ளைகளிடம் வாங்கும் கட்டணம் போன்ற வணிக வரவு, மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கட்டண அகாடமியை டிரஸ்ட்டுக்குள் நடத்த நினைக்கும் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டண அகாடமியை உங்கள் சொந்தத் தொழிலாக வெளியே வைத்து, வரி கட்டிவிடுங்கள். உங்கள் விஷயத்தில் அதிகாரி எந்த வகையில் வைப்பார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

நன்கொடை எளிதாக வரும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வரும் 80ஜி வரிச்சலுகை புதிய வரிமுறையைத் தேர்ந்த சம்பளக்காரருக்குக் கிடையாது, இப்போது பெரும்பாலோர் அதில்தான் இருக்கிறார்கள். கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியில் கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் டிரஸ்ட்டுக்குக் குறைந்தது மூன்று வருடச் செயல்பாட்டு வரலாறு வேண்டும். பதிவு செய்த மறுநாள் கம்பெனி வாசலில் நின்று பயனில்லை. முன்னாள் வீரர்களுக்காக மத்திய அரசு கேலோ இந்தியா மையங்கள் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மைதானம் சீரமைக்க ஒருமுறை ஐந்து லட்சமும், பிறகு ஆண்டுதோறும் பயிற்சியாளர் ஊதியம், உபகரணங்களுக்கு ஐந்து லட்சமும் என்பது அதன் அமைப்பு. உங்கள் மாவட்டத்துக்கு இப்போது இடம் இருக்கிறதா என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேளுங்கள். 2024இல் தொடங்கிய ரீசெட் என்ற திட்டம் ஓய்வு பெற்ற வீரர்களுக்கு வேலைத்திறன் பயிற்சி தருகிறது, அதையும் விசாரியுங்கள்.

பணத்தைவிட நான் பயப்படும் விஷயம் ஒன்று உண்டு. பெற்றோர் பிள்ளைகளை உங்களை நம்பி ஒப்படைக்கிறார்கள். வெளியூர்ப் பிள்ளைகளைத் தங்கவைத்தால் தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டு விடுதிச் சட்டப்படி உரிமம் வேண்டும். போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் பயிற்சியாளர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். உதவியாளர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு செய்யுங்கள், தனியாக ஒரு பிள்ளையோடு யாரும் பயணம் போகக்கூடாது என்று முதல் நாளே எழுதிவையுங்கள். இன்னொன்று, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கித் தருகிறேன் என்ற வாக்கைப் பெற்றோரிடம் மறந்தும் சொல்லாதீர்கள். உங்களைப் பார்த்தே அவர்கள் அப்படி நம்புவார்கள். நம்பிய வீட்டுப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டு உங்கள் முன் நிற்கும்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் ராஜினாமா கடிதத்தை எழுத மாட்டேன். அடுத்த ஐந்து வருடம் மாலையில் இலவசப் பயிற்சி, வருகைப் பதிவேடும் வரவுசெலவு நோட்டும் முதல் நாளிலிருந்து. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்புக்கு விடுப்பெடுத்துப் போய் வருவேன். கூட ஆடிய நண்பர்கள் இரண்டு மூன்று பேர் தொடர்ந்து வந்து நின்றால், இரண்டாம் வருடத்தில் அவர்களையும் ஊர் ஆசிரியர் ஒருவரையும் வைத்து டிரஸ்ட். 20 வருடம் முடிந்ததும் விருப்ப ஓய்வு, அதன் பின் ஆர்டர் எடுக்கும் தொழில். அப்போது டிரஸ்ட்டுக்கு மூன்று வருட வரலாறும் இருக்கும், சி.எஸ்.ஆர். கேட்கப் போகலாம். நிலத்தை டிரஸ்ட்டுக்குக் குறைந்த வாடகையில் குத்தகைக்குக் கொடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். பத்திரத்தில் எல்லை, காலம், வாடகை, யார் வேலி போடுவது, போர்வெல் யாருடையது என்பது வரை எழுதுங்கள். அந்த அறுபது சென்ட்டில் அண்ணன் தம்பிக்குப் பங்கு ஏதும் இருந்தால் அவர்கள் கையெழுத்தும் அதில் வேண்டும்.